கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்த படம்

ஆலடிப்புதூரில் ஒரு கொட்டகை இருந்தது, கொட்டகையில் ஒரு படம் இருந்தது, படத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அந்தப் பெரியவர் எங்கள் பக்கத்தில் மட்டும் சாகவே இல்லை, ஏனென்றால் கடைசி பஸ் ஆறரைக்குப் போய்விடும்.

இதில் புரியாமலிருக்க ஒன்றுமில்லை. மங்கை டாக்கீஸுக்கு வந்த கூட்டத்தில் முக்கால்வாசி சுற்றுக் கிராமத்து ஜனம். மேட்னி விட்டதும் பஸ் ஏறினால்தான் வீடு. அதனால் எந்தப் படமாக இருந்தாலும் பஸ்காரன் ஹாரன் அடிப்பதற்குள் முடிந்தாக வேண்டும். நீளமான படம் வந்தால் ஆப்பரேட்டர் தாவீது பாட்டை எடுத்துவிடுவார், பாட்டு போதாதென்றால் சண்டையை எடுத்துவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் படத்தில் பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது. ரிட்டயர்டு ஆன ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், நெஞ்சு நோவு, பெண்டாட்டி இல்லை, சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன மகள் ரயிலில் வருவாள் என்று கட்டிலில் படுத்துக்கொண்டு காத்திருக்கிறார், அவ்வளவுதான் படம். எதை வெட்டுவது? தாவீது கடைசி ரீலை ஓட்டாமல் விட்டார்.

அந்தப் படத்துக்கு வேறு பேர் உண்டு, எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் படம் என்றால் போதும். ஆடி மாதம் புதுப்படம் கிடைக்காத நாளிலெல்லாம் அதைத்தான் போடுவார்கள், ஜனமும் வரும், மாஸ்டர் கட்டிலில் படுத்து "வண்டி வந்துவிட்டதா?" என்று கேட்பார், வெளியே பஸ் ஹாரன் அடிக்கும், எல்லோரும் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டு எழுந்திருப்பார்கள். மிச்சக் கதையை பஸ்ஸில் முடித்துக்கொள்வார்கள். முன் சீட்டுப் பொம்பளைகளுக்கு மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பின் சீட்டு ஆம்பளைகளுக்கு மருமகன் பட்டணத்து டாக்டர், ஒரே ஊசியில் எழுப்பி உட்காரவைத்தான். கண்டக்டர் தனியாக ஒரு முடிவு வைத்திருந்தார், அதில் மாஸ்டருக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. எந்த முடிவிலும் மாஸ்டர் சாகவில்லை. இப்படியே ஒரு தலைமுறை போயிற்று. எங்கம்மாவும் சின்னப் பிள்ளையில் முன் சீட்டில் போனவள்தான்.

அப்புறம் கொட்டகைக்கு ஆள் வருவது நின்றது, வெள்ளத்துரை முதலாளி அதை வாங்கிக் கல்யாண மண்டபமாக மாற்ற ஆரம்பித்தார், கொத்தனார்கள் திரைத்துணியை இழுத்துப் போட்டார்கள். துணிக்குப் பின்னால் மாஸ்டர் படுத்திருந்தார். கட்டில், கட்டிலுக்குக் கீழே கூஜா, கூஜாவுக்கு மேலே டம்ளர், எல்லாம் இருந்தது, எதிலும் கலர் இல்லை.

கொத்தனார் சொன்னாராம், "பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிடுங்க, சாந்து பூசணும்."

தள்ளிப் படுத்துக்கொண்டார்.

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். பேர் உலகம்மாள், உலகு என்பார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையைப் பாதியில் விட்டவள். என் அப்பா மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். நான் வேதியியல் பரீட்சைக்குப் பஸ் ஏறின காலையிலேயே பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனார். எனக்கு யாரும் சொல்லவில்லை. பரீட்சை கெட்டுப்போகுமாம். எழுதி முடித்து, வெளியே வந்து, ஐஸ் வாங்கித் தின்று, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் வாசலில் பூ சிதறிக் கிடந்தது, தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள், எல்லாம் முடிந்திருந்தது. நான் அழவில்லை. மிச்சப் பரீட்சைக்கும் போகவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி இருந்தது, ஊன்றினால் ஊன்றுகிறது, தெரியவில்லை.

அந்தக் காலோடுதான் தினமும் எங்கள் கிராமம் காட்டுப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து மண்டபத்தைக் கூட்டிவிட்டு மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தால் பழம் சாம்பல் நிறமாகும், கீழே வைத்தால் மஞ்சளாகும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்கென்றே பழத்தோடு வந்து நிற்பார்கள். அவர் மேல் எந்நேரமும் மெல்லிசாகக் கோடு கோடாக மழை பெய்துகொண்டிருக்கும், நனையாது, அது ரீலில் விழுந்த கீறல் என்று தாவீது அண்ணாச்சி சொன்னார். மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் ஒரு நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவர் கையைத் தூக்கியபடியே நின்றுவிடுவார். அது இடைவேளை. மண்டபத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பண்டாரம் அந்த நேரத்துக்கு வடை போட்டு வைப்பார், பேங்க்கிலிருந்தும் வருவார்கள், ரேஷன் கடையிலிருந்தும் வருவார்கள், டீ குடித்து டம்ளர் வைக்கும்போது மாஸ்டர் விட்ட வார்த்தையிலிருந்து பேச ஆரம்பிப்பார்.

அவருக்கு வருத்தம் வந்தால் வயலின் கேட்கும். எங்கிருந்து என்று தெரியாது, தெரு முழுக்கக் கேட்கும். முதல் வாரம் ஜனம் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் தூளியில் கிடந்த பிள்ளைகள் அதற்குத் தூங்கப் பழகின. அதற்கும் அப்புறம், "மாஸ்டர், அரைப் பரீட்சை நடக்குது, பிள்ளைக படிக்கணும், கொஞ்சம் பார்த்து வருத்தப்படுங்க" என்று வந்து சொன்னார்கள். அவரும், "மன்னிக்க வேண்டும், அடக்கிக்கொள்கிறேன்" என்றார். கல்யாணம் வந்தால் பொண்ணு மாப்பிள்ளை அவர் காலில் விழுவார்கள், "பல்லாண்டு வாழ்க" என்பார், போட்டோவில் அவர் மட்டும் கறுப்பு வெள்ளையாக விழுவார், அந்தப் போட்டோவைத்தான் கூடத்தில் மாட்டுவார்கள்.

எல்லாம் சரி. நெஞ்சு நோவு மட்டும் நிற்கவில்லை. தினமும் அதே நேரத்தில் வரும், கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வில் மாதிரி வளைவார், வாயிலிருந்து கறுப்பாக ஒரு பொட்டு வரும், நான் துடைப்பேன். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தரக்கா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இருதயம் துடிக்கலட்டி, மிசின் ஓடுது. டக டக டகன்னு. மாத்திரை என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோவு அடங்கியதும் கேட்பார், "வண்டி வந்துவிட்டதா?"

ஆலடிப்புதூருக்கு ரயிலே கிடையாது. அந்த வழியாகப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் நின்று, "லேட்டு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இது ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, கோயில் வழியாகப் போனால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி. பால்காரர் லேட்டு மாஸ்டர் என்பார். போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி லேட்டு மாஸ்டர் என்பார். பேச்சு வராத பிள்ளைக்குக்கூட முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் சர்வீஸில் எத்தனையோ லேட் வண்டியைப் பார்த்தவர், அதனால் தலையை ஆட்டிக்கொள்வார்.

என்னிடமும் கேட்பார். நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன்.

ஒரு நாள் வலி வந்தபோது அவர் பிடித்த பிடியில் சட்டம் கீச்சென்றது, எனக்கு எரிச்சலாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அடங்கினதும் வழக்கம்போலக் கேட்டார்.

"குழந்தாய், வண்டி வந்துவிட்டதா?"

"வராது மாஸ்டர்."

"தாமதமா?"

"தாமதமெல்லாம் இல்ல. உங்க மக கடைசி ரீல்ல இருக்காங்க. அத இங்க ஓட்டவே இல்ல. ஜனத்துக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டாங்க. இவங்க சொல்றதெல்லாம் பொய்."

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். மழைக்கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த ரீலில் எனக்கு என்ன ஆகிறது?"

"செத்துப் போறீங்க. அவங்க வந்த பொறவு. தாவீது அண்ணாச்சி சொன்னாரு."

"அவள் வந்த பிறகா?"

"ஆமா."

வயலின் ஆரம்பித்தது. அன்றைக்கு இடைவேளை வரவில்லை, பண்டாரத்தின் வடை ஊசிப்போயிற்று, தூளியில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன, வயலின் விடாமல் கேட்டது. ஊர் என்னைத் திட்டியது. பண்டாரம் மண்டபத்து வாசலில் வந்து நின்று, "படிப்பை விட்டவ வாயையும் விட்டுருக்கக் கூடாதா? மனுசன் செவனேன்னு கிடந்தாரு" என்றார்.

"செவனேன்னா கிடந்தாரு? வலிக்குது அவருக்கு."

"வலிச்சா என்ன, உசுரோட இருக்காருல்லா?"

நேராகத் தாவீது அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கடைசி ரீல் இருக்கிறதா என்று நான் கேட்டதும் அவர் உள்ளே போய், அப்பளம் போட்டு வைத்திருந்த வட்ட டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அது மட்டும் துரு இல்லாமல் இருந்தது. ஒரு முழம் உருவி வெளிச்சத்தில் காட்டினார்.

"பாரு, ஒரு கீறல் கெடையாது. மிசினுக்குள்ள போனதே இல்லல்லா. கொண்டா கொண்டான்னு கேட்ட கம்பெனியும் மூடிப்போச்சு."

"ஓட்டுவீங்களா அண்ணாச்சி?"

"மிசின் மேல கேபின்லதான் கெடக்கு, எவனும் வாங்கல. ஊரு சம்மதிக்கணும் பிள்ள."

சாப்பாட்டுக் கூடத்தில் ஊர் கூடியது. வெள்ளத்துரை முதலாளிதான் முதலில் எழுந்தார். "கல்யாண மண்டபத்துல சாவு விழுந்தா பொறவு எவன்வே தேதி எடுப்பான்?"

"சாவு படத்துலல்லா விழுது, மண்டபத்துலயா விழுது?" என்றார் தாவீது.

"படம் எங்க ஓடுது? மண்டபத்துலதான?"

எஸ்தரக்கா வலியைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தர், டாக்டர் மருமகன் வருகிற மாதிரி புதுசாக ஒரு ரீல் எடுத்துப் போட்டால் என்ன என்றார். என் அம்மா முன் வரிசையில் இருந்தாள், பீடி முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள், "கைப்பிள்ளையோட வருவான்னுதான நாங்க நெனச்சோம்" என்று மட்டும் சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பேச்சு சுற்றிச் சுற்றி அவர் இருக்கட்டும் என்பதிலேயே வந்து நின்றது. அவர் இல்லாமல் மத்தியானம் எப்படி டீ குடிப்பது என்று நிஜமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்பாகத்தான் இருந்தார்கள். அன்பாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்போது மாஸ்டரே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிடித்த இடமெல்லாம் நீலச் சுவர் வெளுத்து மறுபடி நீலமாயிற்று.

"ஐயா, என் சேவையில் ஒரு வண்டியையும் காரணமின்றி வெளிச் சிக்னலில் நிறுத்தியவன் அல்ல நான். உள்ளே தண்டவாளம் காலியாக இருக்கிறது, வண்டியில் என் மகள் இருக்கிறாள், நீங்கள் இத்தனை காலம் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். கை காட்டுங்கள், வரட்டும்."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து வைங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு வைத்தார்கள். மொய்யில் வந்த வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து மேடையில் திரை கட்டினார்கள், ஜன்னல்களை ஜமக்காளம் போட்டு அடைத்தார்கள், சுற்றுக் கிராமத்து ஜனமெல்லாம் வந்தது, முறுக்கு விற்றார்கள், மாஸ்டரை முன்னால் கட்டிலோடு போட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் ரீலிலிருந்தே தாவீது ஓட்டினார். திரையில் மாஸ்டர் இல்லை. பச்சைக்கொடி தானாக ஆடியது, ஜனங்கள் காலி நாற்காலியைப் பார்த்து வணக்கம் சார் என்றார்கள், கட்டிலில் கிடந்த மாஸ்டர் இங்கிருந்தே வணக்கம் என்றார், ஒரு வசனமும் பிசகவில்லை, எல்லோரும் திரையை ஒரு தரம் கட்டிலை ஒரு தரம் பார்த்துக் கழுத்து வலித்துப்போனார்கள். பண்டாரம் அழுதார். எங்கம்மா அழுதாள். என் கால் அப்படியே மரத்து இருந்தது.

மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "வண்டி வந்துவிட்டதா?"

திரை வெள்ளையானது. மேலே தாவீது ரீல் மாற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

எல்லோரும் எழுந்தார்கள்.

யாரும் முடிவு பண்ணி எழுந்த மாதிரி தெரியவில்லை. அவர்களுடைய கால் எழுந்தது. இருட்டில் செருப்பைத் துழாவினார்கள், பிள்ளைகளைத் தோளில் போட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைப் பார்த்து நடந்தார்கள், அவரை வழியனுப்பவென்றே வந்த ஜனம், கடைசி ரீலுக்காக ஊர் கூடிச் சண்டை போட்ட ஜனம், உள்ளூர்க்காரர் பண்டாரம்கூட, பஸ்ஸே தேவைப்படாத எஸ்தரக்காகூட, அத்தனை பேரும் பழகின இடத்தில் பழகினபடி எழுந்து போனார்கள். போகும்போது, "லேட்டு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா என் தோளைத் தொட்டாள். "ஏட்டி உலகு, வா. பஸ்ஸு."

"நீ போ."

"பஸ்ஸ விட்டா எப்படி வருவ?"

"நடந்து வருவேன். போ."

அவள் கட்டிலைப் பார்த்தாள். ஹாரன் இன்னொரு தரம் அடித்தது. போய்விட்டாள்.

கடைசி ரீல் ஓட ஆரம்பித்தது. கோடு இல்லை, கண் கூசுகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. புகை வந்தது, ரயில் வந்தது, பெட்டியோடு ஒரு பொண்ணு இறங்கி ஓடி வந்தாள். கைக்குழந்தை இல்லை, டாக்டர் இல்லை, தனியாக வந்தாள், புடவை ஓரமெல்லாம் கரி. அறைக்குள் நுழைந்தாள். கட்டில் கிடந்த இடத்தில் ஒன்றுமில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டைக் கழுவிவிட்ட பிறகு வந்து சேர்ந்தவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். அப்புறம் தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தாள், காலி நாற்காலிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"விசாலம்" என்றார் மாஸ்டர். எழுந்திருக்க அவரால் முடியவில்லை.

கட்டிலை நான்தான் தள்ளினேன். மேடைக்கு மூன்று படி, முதலில் தலைப்பக்கம் தூக்கி, அப்புறம் கால்பக்கம் தூக்கி, அவர் கனமே இல்லை, கட்டில்தான் கனம். திரை வரைக்கும் கொண்டுபோய் அழுத்தினேன், வேட்டி வழிவிட்டது. கட்டில் கால் ஒன்று மட்டும் தையலில் மாட்டிக்கொண்டது. கையை உள்ளே விட்டுத் தூக்கி விட்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கூஜாவையும் டம்ளரையும் எடுத்து அந்தப் பொண்ணு கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"வண்டி வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது அப்பா."

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கன்னத்தில் வழிந்தது, முந்தானையால் துடைத்தாள். அவர் வலது கையைக் கொஞ்சம் தூக்கினார், கொடி காட்டுகிற மாதிரி, அப்புறம் கை இறங்கியது. அவ்வளவுதான். அந்த ரீலில் வயலினே இல்லை. மிசின் ஓடுகிற சத்தம் மட்டும். அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். வணக்கம் என்று எழுத்து வந்தது.

மேலேயிருந்து தாவீது கேட்டார், "முடிஞ்சிட்டா பிள்ள?"

"முடிஞ்சிட்டு."

"லைட்ட போடவா?"

"போடுங்க அண்ணாச்சி."

நடந்தே போனேன். பாதி வழியில் இருட்டிவிட்டது. கால் வலித்தது, ரொம்ப வலித்தது.

அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். வலது கை முழங்கை வரைக்கும் சாம்பலாக இருந்தது. வழியில் கழுவிப் பார்த்தேன், போகவில்லை.

"ஏட்டி," என்றாள். "அந்த மவ வந்தாளா?"

"வந்தா."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்குத்தான்."

இலையைச் சுருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. தூள் தட்டில் கொட்டியது.

"உங்கப்பாவும் கேட்டாவ, பிள்ள வந்துட்டாளான்னு."

நான் செருப்பைக் கழற்றினேன். "நீ என்ன சொன்ன?"

"பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

அவள் என் சாம்பல் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். நான் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் வயலின் கேட்காது. பக்கத்து வீட்டு மிக்ஸிதான் ஓடிக்கொண்டிருந்தது, அது நிற்கிற வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.